கேட்டால் இணங்கியதாகிவிடுமா?

காரைக்குடிப் பக்கத்தில் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை நடத்தும் ஓர் இளைஞரின் கேள்வி இது. மதுரையில் இரண்டு நாள் நிர்வாகப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். அங்கே 'ஆக்டிவ் லிசனிங்' என்று ஒரு பாடம்: எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கிடாதே, கண்ணைப் பார், தலையை அசை, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல். ஊர் திரும்பியதும் இரண்டு இடங்களில் அதைச் செய்து பார்த்திருக்கிறார். பட்டறையில் கூலி உயர்வு கேட்டவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையை அசைத்தார். மறுநாள் காலையில் 'முதலாளி சரின்னுட்டார்' என்று பேச்சாகிவிட்டது. ஒன்பது பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டின் கூரையைப் பழுது பார்ப்பதா, வீட்டையே விற்றுவிடுவதா என்ற கூட்டத்தில், சித்தப்பா முறையுள்ள ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்; 'என்ன தம்பி, கிளிப்பிள்ளை மாதிரி நான் சொன்னதையே எனக்குச் சொல்றே?' என்று அவர் எழுந்து போய்விட்டார். தலைமைக்கும் பேரத்துக்கும் இந்தக் கேட்டல் உண்மையில் பயன்படுமா, அல்லது வகுப்பறைச் சடங்குதானா என்று கேட்கிறார்.

கேள்வியின் அடியில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 'பொறுமையாகக் கேட்டால் விட்டுக்கொடுத்தவன் ஆகிவிடுகிறேன். கேட்காவிட்டால் திமிர் பிடித்தவன் ஆகிவிடுகிறேன். இதில் தலைமை தாங்குவது எங்கே?' என்பதுதான் அவரை உறுத்துகிறது. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன். தேவகோட்டைப் பக்கத்து நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உரிமையியல் வழக்குகள் நடத்தியவன் நான். அவற்றில் பெரும்பகுதி பாகப்பிரிவினை. நாற்பது மணி நேரப் பயிற்சி முடித்து, கடைசிப் பதினைந்து ஆண்டுகளாகச் சமரசராகவும் உட்கார்ந்து வருகிறேன். உளவியல் படித்தவன் அல்லன். தொழிற்கூடம் நடத்தியவனும் அல்லன். ஆகவே பேரத்தைப் பற்றி நான் சொல்வதை அனுபவமாகவும், தலைமையைப் பற்றிச் சொல்வதில் பாதியைப் படிப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். சமரச அறையில் பேசியது வெளியே போகக் கூடாது என்பதால், கீழே வரும் குடும்பத்தின் அடையாளங்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் சிக்கலில் பாதி அதிலேயே இருக்கிறது. தமிழில் 'கேள்' என்ற வினை காதால் கேட்பதையும் வினவுவதையும் வேண்டுவதையும் கீழ்ப்படிவதையும் ஒருங்கே குறிக்கும். 'சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான்' என்று ஒரு தாய் அங்கலாய்க்கும்போது பிள்ளையின் காதைக் குறை சொல்லவில்லை. கோயில் ஏலத்தில் 'எலுமிச்சம்பழத்தை நான் கேட்டேன்' என்று ஒருவர் சொன்னால் விலை சொன்னேன் என்று பொருள். இப்படி ஒரே சொல்லில் செவியும் கோரிக்கையும் பணிவும் விலையும் அடங்கியிருக்கும் மொழியில், 'முதலாளி கேட்டுக்கொண்டார்' என்பது 'முதலாளி ஏற்றுக்கொண்டார்' என்று மாறுவதற்கு ஓர் இரவு போதும். நீங்கள் தலையை வேறு அசைத்திருக்கிறீர்கள். நம் ஊரில் தலையசைப்பு என்பது 'காதில் விழுகிறது' என்பதற்கு அல்ல, 'ஆகட்டும்' என்பதற்கான அடையாளம். உங்கள் பட்டறைக்காரர்கள் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. வேறோர் ஊர் வழக்கத்துக்கு வகுத்த சைகையை நீங்கள் இங்கே செய்தீர்கள், அவர்கள் இந்த ஊர் வழக்கப்படி அதைப் படித்தார்கள்.

வள்ளுவர் 'கேள்வி' என்ற 42ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசனுக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும் பகுதியில் வைத்திருப்பதை இந்த இடத்தில் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. அந்த அதிகாரம் பெரும்பாலும் கற்றவர் சொல்லைக் கேட்பதைப் பற்றியது. கேட்பவனுக்கு அதில் லாபம் வெளிப்படை. கூலி உயர்வு கேட்பவரையும் கோபத்தில் இருக்கும் பங்காளியையும் கேட்பதற்கு, காது கசக்கும் சொல்லையும் பொறுக்கும் அரசனைப் பேசும் 389ஆம் குறள்தான் பொருத்தம். அங்கும் வள்ளுவர் 'பொறுக்கும்' என்றுதான் சொன்னார். 'இணங்கும்' என்று சொல்லவில்லை.

வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தின் பிறப்பிடம் சிகாகோ. 'ஆக்டிவ் லிசனிங்' என்ற தொடரையே தலைப்பாகக் கொண்ட சிறு நூலை உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்பவருடன் சேர்ந்து 1957இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தொழிலுறவு மையத்துக்காக எழுதினார். ரோஜர்ஸ் மனநல ஆலோசகர். தொழிற்சாலைக்கு அந்த முறை வந்ததற்கு முன்கதை ஒன்று உண்டு: சிகாகோவை அடுத்த ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். முன்கூட்டியே எழுதிவைத்த கேள்விகளோடு தொடங்கியவர்கள், தொழிலாளர்கள் அந்தக் கேள்விகளை விட்டுத் தங்கள் மனத்தில் இருந்ததையே பேசுவதைக் கண்டு, கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு அவர்கள் போக்கில் பேசவிட்டார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் அங்கே நடந்த சோதனைகளின் முடிவுகளைப் பின்வந்தவர்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். பேட்டி முறை மாறியது மட்டும் ஐயமில்லாத செய்தி. அந்த ஆய்வில் இருந்த ஃபிரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கரும் ரோஜர்ஸும் 1952இல் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில்தான் உங்களுக்கு வேண்டிய விதி இருக்கிறது. வாக்குவாதத்தில் ஒருவர் தம் கருத்தைச் சொல்வதற்கு முன், முந்தையவர் சொன்ன கருத்தையும் அதன் உணர்ச்சியையும், அந்த முந்தையவரே 'ஆம், அதுதான்' என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த விதி. பயிற்சி வகுப்புகள் திருப்பிச் சொல்வதை எடுத்துக்கொண்டன. சொன்னவர் ஒப்ப வேண்டும் என்பதை வழியில் எங்கோ தவறவிட்டுவிட்டன. கிளிப்பிள்ளைக்கும் கேட்பவருக்கும் உள்ள வேறுபாடு அந்த விடுபட்ட பாதியில்தான் இருக்கிறது.

இதை நான் ஓர் ஆச்சியிடம் கற்றுக்கொண்டேன். நூறு ஆண்டைத் தாண்டிய, இரண்டு முற்றங்கள் கொண்ட இரட்டை வளவு வீடு, ஏழு பங்கு. வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டின் ஓடு சரிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கியிருந்தது. ஆறு பங்கினர் விற்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். எண்பது வயதைக் கடந்த ஆச்சி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. 'கணக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவுமில்லை. பொதுச் செலவைப் பார்த்துவந்த மூத்த பங்காளி அதைத் தம்மைத் திருடன் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார். பத்தாண்டுக் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்துச் சரிபார்த்து, மூன்று முறை அனுப்பிவைத்தார். ஆச்சி உறையைப் பிரிக்கவே இல்லை. அப்படியானால் பணம்தான் வேண்டும் போலிருக்கிறது என்று மற்றவர்கள் முடிவுகட்டி, அவர் பங்குக்குக் கூடுதலாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதுவரை பேசாமல் இருந்தவர், அதற்குப் பிறகு வீட்டுக்கு வருபவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தத் தொடங்கினார். இப்படி ஆறு ஆண்டுகள்.

முதல் அமர்வில் நானும் அதே தவற்றைச் செய்தேன். 'ஆடிட்டர் கணக்கில் எந்த இடத்தில் ஆச்சிக்குச் சந்தேகம்?' என்று கேட்டேன். கேள்வி போல இருந்தாலும் அது கேள்வி அல்ல. சந்தேகம் இருக்கிறது, அது ஆடிட்டர் கணக்கின் மேல்தான் என்ற என் தீர்ப்பைக் கேள்வியின் உருவத்தில் சொன்னேன். அவர் பேசவில்லை. இரண்டாம் அமர்வில், வேறு எதுவும் தோன்றாத நிலையில்தான், 'எந்தக் கணக்கு, ஆச்சி?' என்று கேட்டேன். நீண்ட அமைதி. கூட வந்திருந்த பேத்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். கையை உயர்த்தி நிறுத்தினேன். எனக்கும் அந்த அமைதியை ஏதாவது சொல்லி நிரப்பிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அவரே சொன்னார். 1970களில் அவர் கணவர் பினாங்கிலிருந்து அனுப்பிய பணத்தில்தான் இரண்டாங்கட்டு முழுவதற்கும் ஓடு மாற்றினார்களாம். அப்போது பொதுக் கணக்கு எழுதியவருக்கும் இவர் கணவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே அந்த வரவு பேரேட்டில் ஏறவே இல்லை. பணம் போட்டவர் இறந்துவிட்டார், எழுதாமல் விட்டவரும் இறந்துவிட்டார். பத்தாண்டுக் கணக்கை மட்டும் அனுப்பியவர்களுக்கு ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கணக்கு ஒன்று இருப்பதே தெரியாது.

அப்போது நான், 'புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். உங்களுக்குப் பணம் முக்கியமில்லை. ஐயா போட்ட பணம் எழுத்தில் வர வேண்டும், அவ்வளவுதானே?' என்றேன். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஆச்சி என்னைப் பார்த்த பார்வையில் அது போய்விட்டது. 'பணம் வேணாம்னு யார் சொன்னா, தம்பி? அது வேற. முதல்ல எழுதணும். எழுதுனதைப் படைப்பன்னிக்கு எல்லாரும் இருக்கையில வாசிக்கணும்' என்றார். இரண்டு திருத்தங்கள். நான் திருப்பிச் சொல்லாமல் இருந்திருந்தால், பணத்தைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை என்று எழுதிக்கொண்டு மற்ற ஆறு பேரிடம் போயிருப்பேன். முன்னோருக்குப் படைக்கும் நாளில் குடும்பம் முழுவதும் கூடியிருக்கும்போது கணவர் பெயர் காதில் விழ வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருக்காது. திருப்பிச் சொல்வதன் பயன், நமக்குக் காது இருக்கிறது என்று காட்டுவதில் இல்லை. நாம் எங்கே தவறாகக் கேட்டோம் என்று எதிரில் இருப்பவர் நம்மைத் திருத்துவதில் இருக்கிறது. அப்படித் திருத்த இடம் வைக்காமல் திருப்பிச் சொன்னால், உங்கள் சித்தப்பாவுக்கு வந்த கோபம் எவருக்கும் வரும்.

அந்தக் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கேட்டல் என்பது மந்திரம் போலத் தோன்றிவிடும். பேரேட்டில் ஒரு வரி ஏறியது. படைப்பன்று மூத்த பங்காளியே அதை வாசித்தார். ஓட்டுக்குப் போட்ட தொகையை அன்றைய மதிப்பிலேயே வரவு வைக்க ஆச்சி ஒப்புக்கொண்டார். ஆனால் தம் பங்கின் விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை; சொல்லப்போனால், ஏழு பேரில் கடுமையாகப் பேரம் பேசியவர் அவர்தான். மனம் ஆறிவிட்டால் விலையும் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கேட்டதால் நடந்தது ஒன்றே ஒன்று: எதைப் பற்றிப் பேரம் பேச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பேரத்தை ஆராய்ந்தவர்கள் இதையே வேறு வகையில் சொல்லியிருக்கிறார்கள். மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்க அறிஞர் 1920களில் ஒரு சிறு நிகழ்ச்சியை எழுதினார். நூலக அறை ஒன்றில் ஒருவர் சன்னலைத் திறக்க வேண்டும் என்றார். ஃபாலெட் மூட வேண்டும் என்றார். பக்கத்து அறையின் சன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டியது வாடைக்காற்று நேரே மேலே படாமல் இருப்பது. பாதி திறந்து பாதி மூடியிருந்தால் இருவருக்கும் குறைதான். 1978இல் கேம்ப் டேவிட்டில் எகிப்தும் இஸ்ரேலும், இஸ்ரேல் பிடித்துவைத்திருந்த சினாய் தீபகற்பத்தைப் பற்றிப் பேசியபோதும், நிலத்தை எங்கே கோடு போட்டுப் பிரிப்பது என்பதில் முட்டிக்கொண்டவர்கள், எகிப்துக்கு வேண்டியது தன் மண்ணின் மேல் முழு உரிமை, இஸ்ரேலுக்கு வேண்டியது எல்லையில் பாதுகாப்பு என்று தெளிந்த பிறகு, நிலம் முழுவதும் எகிப்துக்கு, படைகளுக்கு அங்கே கட்டுப்பாடு என்ற முடிவுக்கு வந்தார்கள். கோரிக்கையின் பின்னால் இருக்கும் தேவையைத் தேடு என்பது இன்று எல்லாப் பேரப் பாடங்களிலும் இருக்கிறது. ஆனால் அந்தத் தேவையை நாமே ஊகித்துவிடும் ஆபத்தும் அதோடு வருகிறது. ஆச்சிக்குப் பணம்தான் வேண்டும் என்று ஊகித்த ஆறு பேரும் ஒரு வகையில் தேவையைத் தேடியவர்கள்தாம்.

தலைமையில் நிலைமை வேறு. பங்காளிகள் ஒருவருக்கொருவர் சமம். எழுந்து போகலாம், கதவைச் சாத்தலாம். உங்களிடம் கூலி வாங்குபவர் அப்படிச் செய்ய முடியாது. அவர் 'ஆகட்டும்' என்று சொல்லிவிட்டு மனத்துக்குள் வைத்துக்கொள்வார். அந்தக் காலத்து வட்டிக்கடைகளில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், மேலாள் பர்மாவிலோ மலேயாவிலோ இருப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். கடல் கடந்து வரும் கணக்கும் கடிதமும்தான் முதலாளியின் காது. நல்ல செய்தியை மட்டும் விரும்புகிறவர் என்று பெயரெடுத்த முதலாளிக்குக் கடிதம் எப்படி வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வாராக்கடன் எது என்பது அவருக்குத்தான் கடைசியாகத் தெரியவரும். இன்று உங்கள் பட்டறைக்கும் உங்கள் நாற்காலிக்கும் இடையில் கடல் இல்லை. ஆனாலும் தூரம் இருக்கிறது.

என் அலுவலகத்திலேயே அந்தத் தூரத்தை நான் உணர்ந்திருக்கிறேன். ஒரு நாள் வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது குமாஸ்தா வந்து, ஒரு வழக்கின் வாய்தா தேதி டைரியில் மாறி எழுதப்பட்டிருப்பதாகச் சந்தேகம் என்றார். நான் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை அசைத்தேன். ஐயாவுக்குத் தெரியும் போலிருக்கிறது என்று அவர் போய்விட்டார். ஆஜராகாததால் அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. மனுப் போட்டு மீட்டெடுப்பதற்குள் கட்சிக்காரருக்கு முன்னால் தலைகுனிய நேர்ந்தது. 'ஏன் அழுத்திச் சொல்லவில்லை?' என்று குமாஸ்தாவிடம் கோபித்துக்கொண்டேன். 'சொன்னேனே ஐயா, நீங்க கேட்டீங்களே' என்றார். அவர் சொன்ன 'கேட்டீங்களே'க்கு என்னிடம் பதில் இல்லை. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் நிக்கல்ஸ் 1950களிலேயே எழுதியது போல, பேசுபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 சொற்கள் பேச, கேட்பவர் மனம் அதைவிட மிக விரைவாக ஓடுகிறது; மிஞ்சும் நேரத்தில் மனம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. வேலை அதிகம் உள்ள தலைவருக்கு அந்த 'வேறு வேலை'யும் அதிகம்.

இனி, உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துவிடுகிறேன். நன்றாகக் கேட்கப்படும் ஒருவர் தற்காப்பைத் தளர்த்துகிறார், தம் கருத்திலேயே இருக்கும் முரண்களைத் தாமே பார்க்கத் தொடங்குகிறார் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. இஸ்ரேலின் அவ்ராஹாம் குளூகர், கை இட்ஸாகோவ் ஆகியோரின் சோதனைகள் இதைக் காட்டுகின்றன. என் அறையிலும் இதையே பார்த்திருக்கிறேன். நன்றாகக் கேட்கும் மேலாளரின் கீழ் உற்பத்தி உயர்கிறது என்பது அவ்வளவு உறுதியல்ல. அப்படிச் சொல்லும் ஆய்வுகளில் பல, 'உங்கள் மேலாளர் நன்றாகக் கேட்கிறாரா?' என்று ஊழியரிடமே கேட்டு அளந்தவை. வேலை நன்றாகப் போகும் இடத்தில் மேலாளரும் நல்லவராகத் தெரிவார் அல்லவா? 'பேச்சில் 7 சதவீதம்தான் சொல், மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்' என்று வகுப்பில் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள், விருப்பு வெறுப்பைக் காட்டும் தனிச்சொற்களையும் முகபாவங்களையும் வைத்துச் செய்தவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆச்சி விஷயத்தில் 'கணக்கு' என்ற ஒற்றைச் சொல்தான் எல்லாமாக இருந்தது.

இன்னொரு செய்தி பயிற்சியாளர்களுக்குப் பிடிக்காது. ஜான் கோட்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் 130 புதுமணத் தம்பதிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், சண்டையின் நடுவே இப்படித் திருப்பிச் சொல்லிக் கேட்பவர்களை அரிதாகவே கண்டார்கள். இல்லறம் நிலைப்பதை அது முன்னறிவிக்கவும் இல்லை. கணவன் மனைவி சண்டை வேறு, பங்காளிப் பேச்சு வேறு என்பது உண்மையே. ஆனால் கோபம் தலைக்கேறிய நேரத்தில் இந்த முறை கைகொடுக்காது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் திருப்பிச் சொன்னால் ஏளனம் போலத்தான் கேட்கும். காபி வரவழைப்பேன், கால் மணி நேரம் கழித்துத்தான் பேசுவேன்.

கேட்பது தீங்காகும் இடங்களும் உண்டு. கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லாத ஒன்றைப் பற்றி மணிக்கணக்கில் பரிவோடு கேட்டால், அது நம்பிக்கை கொடுத்து ஏமாற்றுவது. சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி போன்றவற்றில் கேட்பதற்கு ஒன்றுமில்லை, கொடுத்துவிட வேண்டியதுதான். எதிர்த்தரப்பு காலம் கடத்துவதற்காகவே பேசுகிறது என்று தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள், ஏனென்றால் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் காலவரையறைச் சட்டம் காத்திருக்காது. அசையாச் சொத்தின் உடைமையைக் கேட்கும் வழக்குக்குப் பன்னிரண்டு ஆண்டு என்றால் பன்னிரண்டு ஆண்டுதான். மிரட்டலும் அடியும் இருக்கும் குடும்பத்தில், இருவரையும் சமமாக உட்காரவைத்துக் கேட்பது மிரட்டுகிறவருக்கே துணைபோகும். யாரைக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. நம் வீடுகளில் முகப்பில் ஆண்கள் பேசுவார்கள். கட்டிக்கொடுத்த பெண்மக்களைக் கேட்கவே மாட்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் பெண்மக்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்து, தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, அவர்களை விட்டுவிட்டு எழுதும் பத்திரம் பிற்பாடு நீதிமன்றத்தில் தடுமாறக்கூடும். ஒன்பது பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கையை ஒரு வழக்கறிஞரிடம் ஆவணங்களோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்கு வருகிறேன். அடுத்த முறை உட்காரும்போது தொடக்கத்திலேயே, 'இன்றைக்கு நான் முடிவு சொல்லப் போவதில்லை. நீங்கள் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள வந்திருக்கிறேன். பதில் இன்ன நாளில் சொல்வேன்' என்று சொல்லிவிடுங்கள். அந்த நாளில், முடியாது என்பதாக இருந்தாலும், பதிலைச் சொல்லிவிடுங்கள். தலையை அசைப்பதற்குப் பதிலாக எழுதிக்கொள்ளுங்கள். கணக்கெழுதிப் பழகிய இந்தச் சீமையில் எழுத்துக்கு இருக்கும் மரியாதை சைகைக்கு இல்லை. நான் இரண்டு தாள் வைத்துக்கொள்வேன்: ஒன்றின் தலைப்பு 'சொன்னது', மற்றொன்றின் தலைப்பு 'ஒப்புக்கொண்டது'. முதல் தாளில் அவர்கள் சொல்லை அவர்கள் சொல்லாகவே எழுதிப் படித்துக்காட்டித் திருத்தச் சொல்வேன். இரண்டாவது தாள் பெரும்பாலும் அன்றைக்கு வெறுமையாகவே இருக்கும். அது வெறுமையாக இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு 'வக்கீல் ஒப்புக்கொண்டார்' என்ற பேச்சு என்னிடம் வந்ததில்லை. அவர்கள் கேட்பது கூலி வீதத்தை உயர்த்தச் சொல்லித்தானா என்பதையும் பாருங்கள். செய்யும் டைல்ஸ் கல்லின் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால், ஐப்பசி கார்த்திகையில் வெயில் இல்லாமல் கல் காயாத நாட்களில் வருமானம் விழுவதுதான் உண்மைக் குறையாக இருக்கலாம். உடைந்த கல் யார் கணக்கில் போகிறது என்பதாகவும் இருக்கலாம். இவை என் ஊகங்கள் மட்டுமே. அவர்களிடம் கேட்காமல் நம்ப வேண்டாம்.

சித்தப்பா விஷயத்தில், அடுத்த கூட்டத்துக்கு முன் தனியாக அவர் வீட்டுக்குப் போங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளைப் போனில் வைத்துக்கொண்டு பேசும் கூட்டத்தில் அவர் மனம் திறக்க மாட்டார். உங்கள் நீண்ட கேள்வியை இரண்டு முறை படித்தேன். அவர் எழுந்து போனது அதில் இருக்கிறது, கிளிப்பிள்ளை இருக்கிறது, உங்களுக்கு ஏற்பட்ட அவமானமும் இருக்கிறது. எழுந்து போவதற்கு முன் அவர் கூரையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ என்ன சொன்னார் என்பது மட்டும் அதில் இல்லை. நினைவிருந்தால் எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம். நினைவில்லை என்றால், போய் அவரிடமே கேளுங்கள்.